வாலில் ஓர் எழுத்து

அத்தியாயம் 9

பக்கத்து மாநிலமான ஒஹையோவின் எண் மாட்டிய நீலக் கார் நில் பலகைக்கு முன்னால் நின்றது. நின்றதோடு விடவில்லை, அங்கேயே குடித்தனம் நடத்தியது.

டெஸ் உள்ளங்கையை ஹாரன் மேல் வைத்து அழுத்தினான். அவன் மடியில் இருந்த பியரோகிக் கொழுக்கட்டை டப்பா ஆடியது. வெண்ணெயில் வதங்கிய வெங்காயத் துண்டு ஒன்று பேன்ட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

"டேய், படிக்கத் தெரியாதா உனக்கு? நில்லுன்னு பெருசா போட்டிருந்தா நின்னுருவியா? கீழ சின்னதா ஒண்ணு தொங்குதே, அதை யாரு வந்து படிப்பா?"

சிவப்பு எண்கோணத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தகடு தொங்கியது. வலப்பக்கம் திரும்புகிறவர்கள் நிற்க வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர்கள் அந்தத் தகட்டைப் பார்ப்பதே இல்லை. வண்டி தானாகத் திரும்பிவிடும்.

"விடு. ஒஹையோக்காரன். பயந்து நிக்கிறான்" என்றாள் லொரெட்டா பைக்.

"பயப்படறவன் வீட்டோட கிடக்கணும் பாஸ். எதுக்கு எங்க ஊர்ப் பாலத்து மேல ஏறணும்?"

லொரெட்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்ஷூரன்ஸ் மோசடிகளைத் தோண்டியே பாதி ஆயுளையும் வலது முழங்காலையும் தொலைத்தவள். இப்போது வக்கீல்கள் கொடுக்கும் துப்பறியும் வேலை. டெஸ் அவளுடைய டிரைவர், உதவியாளன், வாய். இதற்கு முன் விதி மீறி நிறுத்திய கார்களை இழுத்துப் போகும் லாரி ஓட்டியவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே கெட்ட வார்த்தை வரும்.

நீலக் கார் ஒருவழியாக நகர்ந்தது. டெஸ் வலப்பக்கம் ஒடித்தான்.

"நாளைக்குக் காலையில கோர்ட். நம்ம கையில என்ன இருக்கு?" என்று கேட்டாள் லொரெட்டா.

"எட்டு பியரோகி. இல்ல, ஏழு."

"டெஸ்."

"ஒண்ணும் இல்ல பாஸ்."

ஒரு சந்தேகத்தைத் தவிர ஒன்றும் இல்லைதான்.

அவர்களுடைய கட்சிக்காரி மார்லீன் சுர்க்கோவின் மகள் ஹேட்டிக்கு ஆறு வயது. நடப்பாள், பேசுவாள், எதிர்க்கேள்வி கேட்பாள். தலையை மட்டும் நிமிர்த்தி வைக்க முடியாது. பிடிக்காவிட்டால் கழுத்து பின்னால் சாய்ந்துவிடும். முதுகு பலகை மாதிரி விறைத்துக்கொண்டு வருகிறது. தூங்கினால் மூச்சு திணறுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், குழந்தையின் மூச்சில் பூண்டு வாசனை அடிப்பதைக் கவனித்தாள். குழந்தையோ பூண்டைத் தொட்டதே இல்லை. தலைமுடியைப் பரிசோதித்தார்கள். செலினியம், அளவுக்கு மேல். கொஞ்சமாக இருந்தால் உடம்புக்குத் தேவை, மிஞ்சினால் விஷம் என்கிற ரகம் அது. மார்லீன் வீட்டுச் சமையலறையில் செலினியம் மாத்திரை பாட்டில் கிடைத்தது.

பரம்பரை நோயாக இருக்குமோ என்று ஜீன்களையும் படித்துப் பார்த்தார்கள். சுத்தம் என்று வந்தது. நோய் இல்லை என்றால் தாய்தான். கவுன்டியின் குழந்தைகள் நல அதிகாரிகள் ஹேட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். விவாகரத்தான கணவன் வேய்ன் குழந்தையைத் தனக்குக் கேட்டு மனுப் போட்டான். நாளை நீதிபதி அவன் பக்கம் தலையசைத்தால் மார்லீனுக்கு மகள் இல்லை. அடுத்து ஜெயில்.

"விஷம் வைக்கிறவ பாட்டிலை ஓட்ஸ் டப்பா பக்கத்துல வைப்பாளா?" என்றான் டெஸ், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. "நான் எங்கப்பாகிட்டேர்ந்து சிகரெட் பாக்கெட்டை ஒளிச்ச அளவுக்குக்கூட அந்தம்மா மெனக்கெடல."

"அதைக் கோர்ட்ல சொல்லு. அழுதுருவாங்க."

பாட்டிலைப் பற்றிக் கேட்டபோது மார்லீன் மறைக்கவில்லை. "சோமர்செட்ல எங்க மாமா செம்மறி ஆடு வச்சிருந்தாரு. சில குட்டி பிறந்ததும் எழுந்து நிக்காது. தலை தொங்கிடும். செலினியம் ஊசி போடுவாரு. மறுநாள் துள்ளும். நான் கண்ணால பார்த்திருக்கேன். என் பொண்ணும் குட்டிதானே?" என்று கேட்டாள்.

இன்று மதியம்தான் ஒரு நூல் கிடைத்தது. வியாழக்கிழமை. மலைமேல் சர்ச்சில் பியரோகி விற்பனை. மார்லீனும் வேய்னும் சந்தித்துக் காதலித்தது அந்த விற்பனை வரிசையில்தான். இரண்டு குடும்பமும் எஃகு ஆலை வேலைக்காக ஐரோப்பாவில் ஒரே மலைக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவை. சர்ச் கல்லறையில் இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில். மாவு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் அதையெல்லாம் சொல்லிவிட்டு, கேட்காத ஒன்றையும் சொன்னார்கள். வேய்ன் வேலை பார்ப்பது, ஆஸ்பத்திரிகளிலிருந்து ரத்தக் குப்பிகளைப் பரிசோதனைக் கூடங்களுக்குக் கொண்டுபோகும் வண்டியில்.

லொரெட்டா அங்கேயே டப்பாவை மூடினாள். குழந்தையின் ரத்தம் போன வண்டியை ஓட்டியது, குழந்தையைக் கேட்கிற தகப்பன். குப்பியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

"வேற குழந்தையோட ரத்தம். அதான் சுத்தம்னு வந்திருக்கு" என்றான் டெஸ் இப்போது, ஆற்றோரப் பரிசோதனைக் கூடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியபடி. "பாஸ், இந்தத் தடவை பிடிச்சுட்டோம்."

*

"மாத்தியிருக்க முடியாது" என்றார் டாக்டர் ரீஸ்.

பரிசோதனைக் கூடத்தின் தலைவர். ஒல்லி. தலையைவிடப் பெரிய காபிக் கோப்பை. மார்லீனின் வக்கீல் அனுப்பிய அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காரவே சொன்னார்.

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"குழந்தை ரத்தத்தை மட்டுமா படிச்சோம்? அம்மா, அப்பா ரெண்டு பேரோடதையும் சேர்த்துப் படிச்சோம். ஹேட்டிகிட்ட இருக்கிறதுல பாதி அவங்களோடது. பாதி இவரோடது. வேற குழந்தையா இருந்தா ஒட்டவே ஒட்டாது. இது அவங்க குழந்தைதான் மிஸ் பைக்."

நூல் அறுந்தது. அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை.

லொரெட்டா முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு கரி ஏற்றிக்கொண்டு போனது. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எழுந்தால் மார்லீனிடம்தான் போக வேண்டும். அங்கே போய் என்ன சொல்ல?

"இந்த மாதிரி குழந்தையைப் பார்த்தா, கழுத்து, முதுகு, மூச்சு, நீங்க முதல்ல எந்த ஜீனைச் சந்தேகப்படுவீங்க?" என்று கேட்டாள். நேரத்தைக் கடத்தத்தான் கேட்டாள்.

"சந்தேகப்பட்டாச்சு. பார்த்தாச்சு. முதல் எழுத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரு தப்பு இல்ல."

"காட்டுங்களேன். அந்தம்மாகிட்ட நானே பார்த்தேன்னு சொல்றதுக்காவது."

ரீஸ் பெருமூச்சு விட்டுத் திரையைத் திருப்பினார். எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடின. தொடக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. கடைசியில் சிவப்பு. சிவப்புக்கு அப்புறமும் வரிசை ஓடியது, ஆனால் மங்கலான சாம்பல் நிறத்தில்.

"பச்சை ஆரம்பம். சிவப்பு நில்லு. நடுவுல இருக்கிறதைப் படிச்சுத்தான் செல் புரதத்தைக் கட்டும். மணிமாலை கோக்கிற மாதிரி. மூணு எழுத்துக்கு ஒரு மணி."

"சாம்பல்?"

"அது வால். அதுலேர்ந்து மணி எதுவும் வராது. மெஷின் எல்லாத்தையும் படிக்கும். அறிக்கைக்கு வால் வேண்டாம்னு வெட்டிடுவோம். எல்லாரும் வெட்டுவாங்க."

டெஸ் திரைக்கு மிக அருகில் மூக்கைக் கொண்டுபோனான். "டாக்டர், நடுவுலயும் ஒரு சிவப்பு இருக்கே. இங்கயே கதை முடிஞ்சிருச்சா? மீதியை எதுக்குச் சும்மா எழுதி வச்சிருக்கு?"

ரீஸ் முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க மாணவர்களும் இதைத்தான் கேப்பாங்க. அது பார்க்கத்தான் நில்லு. யூ, ஜி, ஏ. மத்த ஜீன்ல அந்த மூணு எழுத்து வந்தா செல் கையைத் தட்டிட்டு எழுந்துரும். இங்க மட்டும் நிக்காது. ஒரு விசேஷ மணியைக் கோத்துட்டு மேல போகும். மொத்தம் இருபது வகை மணின்னு படிச்சிருப்பீங்க. இது இருபத்தொண்ணாவது. செலினியம் வச்ச அமினோ அமிலம்."

லொரெட்டா தேய்த்துக்கொண்டிருந்த முழங்காலை விட்டாள்.

"என்ன வச்ச?"

"செலினியம்."

"டாக்டர், இந்த வழக்குல எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் கத்திக்கிட்டிருக்காங்க. நீங்க ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"என்கிட்ட யாரு கத்தினா? கழுத்துல பலம் இல்லை, ஜீனைப் பாருங்கன்னு ரத்தம் வந்துது. மாத்திரையும் பூண்டும் எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியும்."

டெஸ் இன்னும் அந்த நடுச் சிவப்பிலேயே இருந்தான். பேன்ட்டில் வெங்காயத்தோடு. "ஒரே பலகை. ஒரு ரோட்டுல நில்லு. இன்னொரு ரோட்டுல நிக்காம போ. செல்லுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? கீழ ஏதாவது தகடு தொங்குதா?"

"அட, நல்லாச் சொன்னீங்க. கிட்டத்தட்ட அதேதான். பாக்டீரியாவுல அந்தத் தகடு பலகைக்கு ஒட்டினாப்ல தொங்கும். மனுஷனுக்குத் தள்ளி…"

நிறுத்தினார்.

"எவ்வளவு தள்ளி?" என்றாள் லொரெட்டா.

"கடைசில."

"முடிவுலயா?"

"முடிவுக்கு அப்புறம்."

காபிக் கோப்பை மேஜைக்கு வந்தது. வந்த விதத்தில் பாதி சிந்தியது.

"சாம்பல்லயா?" என்றாள் லொரெட்டா. "அறிக்கைக்கு வேண்டாம்னு நீங்க வெட்டின வால்லயா?"

ரீஸ் சுட்டியைப் பிடித்தார். "இது எல்லாருக்கும் தெரியும். பாடப் புத்தகத்துல இருக்கு" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. "எல்லாருக்கும் தெரியும்கிறதாலதான் யாரும் பார்க்கல."

"டாக்டர், உங்களுக்கு எந்த ஊரு?" என்றான் டெஸ்.

"கொலம்பஸ். ஒஹையோ. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சாம்பல் எழுத்துகள் கறுப்பாயின. ரீஸ் மெதுவாக நகர்த்தினார். வாலின் ஓரிடத்தில் எழுத்துச் சரம் தன்மேலேயே மடங்கி ஒரு கொண்டை ஊசி வளைவு போடும், அந்த வளைவைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் காத்திருக்கும், அதுதான் செலினியம் சுமக்கிறவனைக் கூட்டிக்கொண்டு நடுவில் இருக்கிற அந்தப் போலிப் பலகைக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சுட்டியை நிறுத்தினார்.

திரையில், பொருந்தாத ஓர் எழுத்து மஞ்சளாக எரிந்தது.

"ஒண்ணா?" என்றாள் லொரெட்டா.

"ஒண்ணு போதும். வளைவு நிக்காது. பிடிக்க வர்றவனுக்குப் பிடி கிடைக்காது. செலினியக்காரன் வரமாட்டான். நடுவுல நில்லுன்னு எழுதியிருக்கும், செல் நின்னுடும். பாதி மாலை. அதையும் தூக்கிக் குப்பையில போட்டுடும்."

"அப்ப மாத்திரை?"

"செங்கல் மாதிரி. லாரி லாரியா கொண்டுவந்து இறக்கினாலும் எங்க வைக்கணும்னு சொல்ல ஆளில்ல. ரத்தத்துல கிடக்கும், முடியில ஏறும், மூச்சுல நாறும். வைக்க வேண்டிய இடத்துல மட்டும் போகாது. நீங்க சொன்ன ஆட்டுக்குட்டிகளுக்குப் பொருள்தான் இல்ல, கொடுத்ததும் எழுந்துருச்சு. இவளுக்குப் பொருள் இருக்கு."

டெஸ் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "அப்ப அந்தம்மா விஷம் வைக்கல! நோய்தான்! பாஸ், ஜெயிச்சுட்டோம்!"

"இருங்க" என்றார் ரீஸ்.

அவர் இன்னும் இரண்டு வரிசைகளைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஒன்று மார்லீனுடையது. ஒன்று வேய்னுடையது. இரண்டிலும் அதே இடம் மஞ்சள்.

"ஆளுக்கு ரெண்டு பிரதி இருக்கும். இவங்களுக்கு ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. அதனால அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. குழந்தைக்கு ரெண்டு பேரும் பழுதைக் கொடுத்திருக்காங்க. இவ்வளவு அபூர்வமான எழுத்து ரெண்டு பேர்கிட்டயும்னா, எங்கேயோ பின்னால ஒரே பாட்டன்."

கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த பெயர்களை லொரெட்டா நினைத்தாள். டெஸ் மேஜையில் தட்டிய கையைக் கீழே இறக்கினான்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வர்றேன்" என்றார் ரீஸ். "எங்க கம்பெனி வக்கீல் வேண்டாம்பார். வர்றேன். ஒண்ணே ஒண்ணு. மருந்து இருக்குன்னு மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"இல்லையா?"

"ராத்திரிக்கு மூச்சு மெஷின். முதுகுக்கு ஆபரேஷன். தாங்கிப் பிடிக்கலாம். அந்த எழுத்தை மாத்த எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

*

கவுன்டியின் சந்திப்பு அறை ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தது. மூலையில் பிளாஸ்டிக் அடுப்பும் பிளாஸ்டிக் முட்டைகளும். நாற்காலியில் கண்காணிப்பு அதிகாரி பெவர்லி, கழுத்தில் அடையாள அட்டையோடு. விதிப்படி அவள் கண் முன்னால்தான் மார்லீன் மகளைப் பார்க்கலாம்.

ஹேட்டி கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மார்லீன், வலது உள்ளங்கையை மகளின் பிடரியில் கொடுத்து.

"டெஸ், உன் பேன்ட்டுல வெங்காயம்" என்றாள் ஹேட்டி.

"ஃபேஷன்டி. உனக்கெங்க தெரியப் போகுது."

"கூரையில ஒரு கறை இருக்கு. முயல் மாதிரி. நான் மட்டும்தான் பார்த்திருக்கேன்."

"நாங்கெல்லாம் கீழ பார்த்து நடக்கிற ஆளுங்க."

டெஸ் ஹேட்டிக்குப் பின்னால் கம்பளத்தில் உட்கார்ந்து, மடக்கித் தூக்கிய தொடையை அவள் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தான். மார்லீன் கையை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள். லொரெட்டா சுற்றி வளைக்காமல் சொன்னாள். வால், ஓர் எழுத்து, பாதியில் நிற்கிற மாலை. மாத்திரையால் வந்ததில்லை என்பதை இரண்டு தடவை.

மார்லீன் கண்ணை மூடித் திறந்தாள். "அப்ப நாளைக்கு என்கூட வந்துருவா?"

"நாளைக்கு இல்லாட்டி திங்கள். வந்துருவா."

"மருந்து?"

லொரெட்டா இல்லை என்று தலையசைத்தாள்.

"மாத்திரையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தா? டாக்டர் பார்த்து அளவா?"

"போய்ச் சேராது மார்லீன்."

"சரியான சாமானைத்தான் கொடுத்திருக்கேன் இல்ல?"

"சரியான சாமான்தான்."

மார்லீன் தலையாட்டினாள். ஒரு வேலைக்காரி முதலாளி சொன்னதைக் கேட்டு ஆட்டுகிற மாதிரி. அப்புறம் கேட்டாள். "அந்த எழுத்து எங்கேர்ந்து வந்துது?"

"பாதி வேய்ன்கிட்டேர்ந்து."

"மீதி?"

லொரெட்டா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேய்ன் மனுவுல என்ன எழுதியிருக்கான் தெரியுமா?" என்றாள் மார்லீன். குரல் ஏறவில்லை. "தாய் குழந்தைக்கு ஏதோ கொடுத்திருக்காள்னு. ஒரு மாசமா ராத்திரியெல்லாம் இல்லை இல்லைன்னு சொல்லிட்டுக் கிடந்தேன். கொடுத்திருக்கேனே."

"தெரிஞ்சா கொடுத்தீங்க?"

"தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்திருப்பேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "வேய்ன்கிட்ட யாரும் சொல்லாதீங்க. நான்தான் சொல்லுவேன். அந்த ஒரு சந்தோஷமாவது எனக்கு வேணும்."

பெவர்லி எழுந்தாள். "நேரம் ஆயிடுச்சு மிஸஸ் சுர்க்கோ."

"பெவர்லி, நாங்க பேசினது உங்களுக்குக் கேட்டுதா இல்லையா?" என்றாள் லொரெட்டா. "இன்னும் ஒரு மணி நேரம் விட்டா என்ன?"

"கேட்டுது. கோர்ட்டு சொல்ற வரைக்கும் எனக்குக் கேட்கல." பெவர்லி தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். "எனக்கும் வீட்டுல ரெண்டு இருக்கு மிஸ் பைக். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

டெஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்தால் ஹேட்டியின் தலை சாயும். பெவர்லி குனிந்து, கையை ஹேட்டியின் உச்சந்தலைக்குப் பின்னால் வைத்தாள். டெஸ் காலை நகர்த்தியதும் தலை அவள் விரல்களிலிருந்து நழுவியது. ஹேட்டியின் முகம் கூரைக்குப் போனது.

"முயல்" என்றாள் ஹேட்டி, பழகிப்போன குரலில்.

மார்லீன் வந்து மண்டியிட்டாள். பெவர்லியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதிகாரியைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. பெவர்லி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அங்க இல்ல. இன்னும் கீழ. கட்டை விரல் காதுக்குப் பின்னால வரணும். ம்… இன்னும் கொஞ்சம். அங்கதான். அழுத்தாதீங்க. சும்மா இருந்தாப் போதும்."

தலை நின்றது. ஹேட்டி அம்மாவை நேராகப் பார்த்தாள்.

மார்லீன் தன் கையை எடுத்துக்கொண்டாள்.